நியூட்ரல்ல எறக்கம் வேண்டாம்

குழு: பெரியவூட்டு சொந்தங்கள்

பாப்பாரப்பட்டி அண்ணன்: நாளைக்கு விடிகாலைல சேலத்துக்கு மாங்காய் லோடு. 200 கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி), ஒண்ணு 25 கிலோ. வண்டியோட சேத்து 10 டன் வரும். தொப்பூர் எறக்கத்துல நியூட்ரல்ல உட்டா டீசல் மிச்சம்னு ஸ்டாண்ட்ல சொல்றாங்க. நெசமா மாமா?

அரூர் மாமா: ஒரு சொட்டு மிச்சமாகாது. கியர்ல வெச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன்னா டீசல் போறது நின்னுடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்தும். பழைய பம்ப் வண்டியில டீசல் அளவைக் கட்டுப்படுத்துற கவர்னர் அடைக்கும், புது வண்டியில ஈசியூங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் அடைக்கும். நியூட்ரல் போட்டா இன்ஜின் அணையாம இருக்க ஐடில்ல குடிச்சுக்கிட்டே இருக்கும். செலவு நியூட்ரல்லதான்.

அரூர் மாமா: டீசல் கூட போகட்டும். நியூட்ரல்ல வண்டியைப் புடிக்க பிரேக் ஒண்ணுதான் பாக்கி. அங்க ஆபத்து.

சின்னக்குட்டி: அத்தை, எங்களுக்கு பத்தாவது அறிவியல் முதல் பாடமே இயக்க விதிகள்தான். இதுல எந்த விதி வரும்?

பென்னாகரம் அத்தை: மூணுமே வரும் கண்ணு. அண்ணன் வண்டியையே கணக்கா போடலாம். 20 மீட்டர் போனா 1 மீட்டர் எறங்குற சரிவுன்னு வெச்சுக்கோ. எடை 10,000 × 9.8 = 98,000 நியூட்டன். அதுல 20-ல ஒரு பங்கு, 4,900 நியூட்டன், வண்டியை கீழ்ப்பக்கமா இழுக்கும். டயர் உருளுற தடை ஒரு 800 நியூட்டன் எதிர்ப்பக்கம் புடிக்கும். மிச்சம் 4,100. இதை 10,000 கிலோ நிறையால வகுத்தா முடுக்கம் 0.41, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.41 மீட்டர் கூடும். ரெண்டாவது விதி இதுதான்.

சின்னக்குட்டி: 0.41 ரொம்ப கம்மியா இருக்கே

பென்னாகரம் அத்தை: பாக்கத்தான் கம்மி. 30 கிமீ வேகத்துல நியூட்ரல் போட்டு பிரேக்கைத் தொடாம ஒரே ஒரு கிலோமீட்டர் உட்டா, காத்துத் தடையைக் கழிச்ச பிறகும் 90 கிமீக்கு வந்துடும். சின்ன விசைதான், ஆனா விடாம தள்ளிக்கிட்டே இருக்கு.

சின்னக்குட்டி: லோடு இல்லாம 5 டன்னா இருந்தா மெதுவா உருளுமா?

பென்னாகரம் அத்தை: நல்ல கேள்வி. பரீட்சையில பாதிப்பேர் தப்பு பண்ற எடம் இது. எடை பாதியானா இழுக்குற விசையும் பாதி, நகத்த வேண்டிய நிறையும் பாதி. ரெண்டும் அடிபட்டுப் போயிடும், முடுக்கம் அதே 0.41தான். காத்துத் தடை மட்டும் கனம் கம்மியான வண்டியை கொஞ்சம் அதிகமா புடிக்கும். லோடு மாத்துறது உருளுற வேகத்தை இல்ல, பிரேக் தாங்க வேண்டிய சூட்டை.

ஓசூர் சித்தப்பா: அந்த சூட்டைத்தான் யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கிறாங்க. 3 கிலோமீட்டர்ல 150 மீட்டர் எறங்குதுன்னா 10,000 × 9.8 × 150, அதாவது 1 கோடியே 47 லட்சம் ஜூல். வேகம் ஏறாம எறங்கணும்னா இது முழுக்க எங்கயாச்சும் சூடா மாறியே ஆகணும். 50 லிட்டர் பச்சைத் தண்ணியை கொதி வர்ற வரைக்கும் காய்ச்சுற சூடு அது.

ஓசூர் சித்தப்பா: சக்கரத்தோட சுத்துற பிரேக் டிரம் ஒண்ணு 35 கிலோ, நாலுக்கு 140 கிலோ இரும்புன்னு வை. பிரேக்ல மட்டும் எறங்கினா, டயர் தடை எடுத்துக்கறது போக, டிரம் சூடு 190 டிகிரி போல ஏறும். அந்த சூட்டுல டிரம் விரிஞ்சு, அதை உள்ள இருந்து அழுத்துற ஷூவை உட்டு வெலகும், ஷூ மேல இருக்குற லைனிங்கோட புடிப்பும் கொறையும். பெடல் அழுந்தும், வண்டி நிக்காது. பிரேக் பெயிலியர்னு சொல்றதுல நெறைய இதுதான், எதுவும் உடைஞ்சிருக்காது. ஆறவிட்டுப் பாத்தா பிரேக் நல்லா புடிக்கும்.

ஓசூர் சித்தப்பா: ஏர் பிரேக்குல இன்னொண்ணு. தொட்டுத் தொட்டு உட்டா ஒவ்வொரு தடவையும் டேங்க்ல இருந்து காத்து போகும். நியூட்ரல்ல இன்ஜின் ஐடில்ல இருக்கறதால கம்ப்ரசர் மெதுவா சுத்தும், போன காத்து சீக்கிரம் நெரம்பாது. பஸ்ஸர் அடிச்சா காத்து தீருதுன்னு அர்த்தம்.

பாப்பாரப்பட்டி அண்ணன்: சரி, எந்த கியர்?

அரூர் மாமா: அதே மேட்டை இதே லோடோட எந்த கியர்ல ஏத்துவியோ, அதே கியர்ல எறக்கு. உன் வண்டிக்கு மூணு. எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடு. பாதியில மாத்தப் போனா கியர் உழாம நியூட்ரல்லயே நிக்கும், அப்ப ஓட்டம் உன் கையில இல்ல. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு இன்ஜினை இழுத்துப் புடிக்கறது) இருந்தா போட்டுக்கோ.

அரூர் மாமா: பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே எறங்காத. 35 வந்தா அழுத்திப் புடிச்சு 25-க்குக் கொண்டா, முழுசா உட்டுடு. டிரம் ஆற நேரம் கிடைக்கும்.

சின்னக்குட்டி: அத்தை, 30-லயே ஒரே சீரா எறங்குனா விசை எவ்ளோ?

பென்னாகரம் அத்தை: மொத்த விசை சுழியம். கீழ இழுக்குறது 4,900, டயர் தடை 800, இன்ஜினும் பிரேக்கும் சேந்து 4,100. சமமாயிடுச்சு. அதனால வண்டி நின்னுடாது, அதே வேகத்துல போகும். முதல் விதி இதுதான். ஓடுற வண்டி ஓடணும்னா விசை வேணும்னு நெனைக்கறது தப்பு. வேகம் மாறத்தான் விசை வேணும்.

ஓசூர் சித்தப்பா: லைனிங் தீயுற வாசம் வந்தாலோ சக்கரத்துல புகை வந்தாலோ ஓரமா அகலமான எடத்துல நிறுத்து, சக்கரத்துக்குக் கட்டை வை. டிரம்ல தண்ணி ஊத்தாத, வெடிப்பு உழும். தானா ஆறட்டும். காலைல கெளம்பும்போதே ஏர் டேங்க்ல தண்ணி வடிச்சு, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை சரி பண்ற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாத்துடு.

பாப்பாரப்பட்டி அண்ணன்: கிரேட்டுக்கு தார்ப்பாயும் ஒரு கயிறும் போதும்ல?

பென்னாகரம் அத்தை: போதாது தம்பி. அவசரத்துக்கு பிரேக் அடிச்சா ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 6 மீட்டர் அளவுல கொறையும்னு வை. வண்டி நிக்கும், மாங்காய் அதே வேகத்துல போகப் பாக்கும். ஒரு கிரேட்டைப் புடிச்சு நிறுத்த 25 × 6 = 150 நியூட்டன் வேணும். பிளாஸ்டிக் அடிப்பக்கம் தகட்டுல தர்ற உராய்வு 75 நியூட்டன் போலத்தான் வரும். மிச்சம் 75, அதை 200 கிரேட்டுக்குப் பெருக்கு. 15,000 நியூட்டன், கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடை உன் முதுகுக்குப் பின்னால முன்பலகையில மோதும்.

அரூர் மாமா: முன்பலகையில ஒட்டி, எடைவெளி இல்லாம அடுக்கு. ஒரு ஜாண் எடம் உட்டாலும் அது ஓடி வந்துதான் இடிக்கும். கயிறு மூணு எடத்துல குறுக்க போடு, டோல்கேட்ல நிறுத்தி ஒருக்கா இறுக்கிக்கோ. எறங்குனதும் முடிச்சு தளந்திருக்கும்.

சின்னக்குட்டி: மூணாவது விதி எங்க?

பென்னாகரம் அத்தை: டயர்ல. பிரேக் சக்கரத்தைத்தான் புடிக்குது, வண்டியைப் புடிக்கறது ரோடு. டயர் ரோட்டை முன்னால தள்ளும், ரோடு டயரைப் பின்னால தள்ளும். ஈரத்துல அந்தத் தள்ளு கொறைஞ்சுடும். நல்ல காஞ்ச ரோட்டுல ஒரு கார் 40-ல இருந்து 9 மீட்டர்ல நிக்கும்னா, 80-ல இருந்து 36 மீட்டர் வேணும். ஈர ரோட்டுல 60-ஐத் தாண்டும். கண்ணு பாத்து கால் அழுத்துறதுக்கு ஒரு நொடி ஆகுமே, அதுல போற 22 மீட்டர் இதுல சேரவே இல்ல.

பாப்பாரப்பட்டி அண்ணன்: ராத்திரி மழை பேஞ்சா?

அரூர் மாமா: ரெண்டாவது கியர். முன்னால போற வண்டிக்கும் உனக்கும் நாலு லாரி நீளம் உடு.

பாப்பாரப்பட்டி அண்ணன்: சரி மாமா. இப்பவே போய் கிரேட்டை முன்பலகையோட ஒட்டி மாத்தி அடுக்கறேன். நடுவுல ஒரு அடி எடம் உட்டிருக்கேன்.