மேக்ஃபைலில் நம் முகவரி இருந்தால் என்னவெல்லாம் வரும்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பிறர் எழுதிய நிரல்களைக் கட்டி நிறுவ உதவும் தொகுப்புக்குப் போர்ட்ஸ் என்று பெயர். அதில் சில சின்ன நிரல்களுக்கு நான் மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர். மாற்றங்களை நேரடியாகச் சேர்க்கும் கமிட் உரிமை எல்லாம் கிடையாது. திருத்தத்தைப் பேட்சாகத் தயார் செய்து பக்சில்லா என்ற பிழைப் பதிவுத் தளத்தில் போடுவேன், நேரம் கிடைக்கும் கமிட்டர் யாராவது பார்த்துச் சேர்ப்பார். 1994-ல் ஜோர்டன் ஹப்பார்ட் ஆரம்பித்து வைத்த இந்தத் தொகுப்பில் இப்போது 30,000-க்கும் மேல் போர்ட்டுகள். ஒவ்வொன்றையும் எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலிலும் மெயின்டெய்னர் என்று ஒரு வரி, அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி. வம்பு முழுக்க அந்த வரியால்தான் வருகிறது, ஏனென்றால் அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மென்பொருளை எழுதியதே நாம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டார்க் மோட் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். எழுதியவர் வேறு ஆள், அது இங்கே கம்பைல் ஆகும்படி (மூல நிரல் இயங்கும் வடிவுக்கு மாறும்படி) பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை என்று பதில் போட்டேன். "சரி, அப்போ நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

இன்னொரு வகைக் கடிதம் அடிக்கடி வரும். "புது வெர்ஷன் வந்தாச்சுன்னு கமிட்டில் இருக்கு, பிகேஜி அப்கிரேட் போட்டா ஒண்ணும் வரலையே?" பிகேஜி என்பது பொதிகளை, அதாவது ஏற்கெனவே கட்டி வைத்த நிரல்களை, நிறுவும் கருவி. ஃப்ரீபிஎஸ்டியின் ரிலீஸ் பதிப்பை நிறுவியவர்களுக்குப் பொதிகள் வருவது இயல்பாகக் காலாண்டுக் கிளையில் இருந்து. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முறை அது வெட்டப்படும், இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் போய்ச் சேரும். உடனே வேண்டுமென்றால் லேட்டஸ்ட் என்ற கிளைக்கு மாற வேண்டும். இதை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒட்டி ஒட்டி அனுப்புகிறேன்.

இதெல்லாம் பரவாயில்லை. மூல ஆசிரியர்களிடம் பேசுவதுதான் கஷ்டம். லினக்ஸைத் தவிர வேறு உலகம் கிடையாது என்ற நினைப்பிலேயே நிறைய நிரல்கள் எழுதப்படுகின்றன. பேஷ் ஷெல் ஸ்லாஷ் பின் அடைவுக்குள்தான் இருக்கும், செட், மேக் போன்ற கருவிகள் என்றால் லினக்ஸில் வரும் க்னூ வகைதான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஆசிரியர் மாலாக் டாட் ஹெச் தலைப்புக் கோப்பைச் சேர்த்திருந்தார். ஃப்ரீபிஎஸ்டியில் அந்தக் கோப்பு இருக்கும், ஆனால் அதற்குள் "இதற்குப் பதில் ஸ்டிட்லிப் வந்துவிட்டது" என்று ஒரு பிழைச்செய்தி மட்டும் உட்கார்ந்திருக்கும், கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். மாலாக்கை எடுத்துவிட்டு ஸ்டிட்லிப் தலைப்புக் கோப்பைப் போடும் ஒரே ஒரு வரி பேட்ச் அனுப்பினேன். "என்னிடம் ஃப்ரீபிஎஸ்டி இல்லை, சோதித்துப் பார்க்க முடியாது" என்று மூடிவிட்டார். ஸ்டிட்லிப் லினக்ஸிலும் இருக்கிறதே, அங்கேயே சோதிக்கலாமே என்று விளக்கி, ஒருவழியாகச் சேர்க்க வைத்தேன். அடுத்த வெர்ஷனில் புதிதாக ஒரு கோப்பு, அதன் முதல் வரியில் மறுபடி மாலாக் டாட் ஹெச்!

நிறையப் பேர் திண்டாடியது கிளாங் 16-ல் என்று நினைக்கிறேன். 2023 நவம்பரில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 14-உடன் அதுதான் கம்பைலராக வந்தது. முன்கூட்டியே அறிவிக்காத செயல்கூற்றை (ஃபங்ஷனை) அழைத்தால் பழைய கிளாங் எச்சரிக்கையோடு விட்டுவிடும், 16-ல் அது பிழை. தொண்ணூறுகளில் எழுதிய சி நிரல்களெல்லாம் வரிசையாக விழுந்தன, போர்ட்டுகளைக் கட்டிப் பார்க்கும் பில்ட் கிளஸ்டரில் இருந்து தோல்வி அஞ்சல்கள் வந்தபடி இருந்தன. அப்படி நேராக விழுந்தவற்றைச் சரிசெய்வது சுலபம், பிழை எந்த வரியில் என்று கம்பைலரே சொல்லிவிடும். எனக்கு வாய்த்த ஒன்று வேறு மாதிரி. கம்பைல் சுத்தமாக முடிந்தது, ஆனால் போர்ட்டுகளைக் கட்டும் கருவியான பூத்ரியேர் பொதி கட்டும் கட்டத்தில் நின்றது: பொதியில் இருக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலான பிலிஸ்டில் எழுதியிருக்கும் ஒரு .எஸ்ஓ கோப்பை, அதாவது ஒரு ப்ளகினை, காணவில்லை. கான்ஃபிக் லாகைத் திறந்து மேலிருந்து கீழே படித்தால், கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு நூலகம் இருக்கிறதா என்று பார்க்கக் குட்டி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்கிறது. அந்தக் குட்டி நிரல் தலைப்புக் கோப்பே இல்லாமல் எக்ஸிட் என்ற செயல்கூற்றை அழைக்கிறது. புதுக் கம்பைலர் பிழை சொல்ல, கான்ஃபிகர் அதை "நூலகம் இல்லை" என்று எடுத்துக்கொண்டு அது தேவைப்படும் ப்ளகினையே சத்தமில்லாமல் விட்டுவிட்டது. நூலகம் என்னவோ அதே ஜெயிலுக்குள் (கட்டுவதற்கான தனிச் சூழலுக்குள்) நிறுவப்பட்டுத்தான் இருந்தது. பிலிஸ்ட் எழுதுவது வெட்டி வேலை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அது இல்லையென்றால் ப்ளகின் இல்லாத பொதி எல்லாருக்கும் போயிருக்கும், யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

கடைசியாக ஒரு எண் சமாச்சாரம். இன்னொரு ஆசிரியர் தேதியையே வெர்ஷனாகப் போட்டு வந்தார், எட்டு இலக்கத்தில். திடீரென்று 1.0 என்று மாற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, பார்க்க நன்றாக இருக்கிறது என்றார். பிகேஜிக்கு 1.0 என்பது எட்டு இலக்க எண்ணைவிடச் சின்னது, அதனால் யாருக்கும் அப்கிரேட் போகாது. ஒரே வழி, புதியது எது என்ற ஒப்பீட்டில் வெர்ஷனையே முந்தும் போர்ட்எபாக் என்ற எண். வெர்ஷனின் வாலில் ஒரு காற்புள்ளியும் 1-ம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுக்கவே முடியாது, ஏற்ற மட்டும்தான் முடியும். இப்போது அவர் திரும்பவும் தேதிக்கே போகலாமா என்று யோசிக்கிறாராம். அந்த போர்ட்டை யாராவது எடுத்துக்கொள்வதானால் சொல்லுங்கள், எபாக்கோடு சேர்த்துத் தருகிறேன்.