படகுல பாய் விரிச்சுக்கிட்டு எஞ்சின் ஓட்டினா மட்டும் சூடு ஏறுது, அவசரம்

புதுப்பாய்:
மோட்டார்செய்லர் (பாயும் பெரிய எஞ்சினும் சேர்ந்த படகு) வாங்கி முதல் நீண்ட ஓட்டத்துல இருக்கேன். எஞ்சின் மட்டும் போட்டா நாள் முழுக்க ஓடுது, ஒரு குறையும் இல்ல. எதிர்க்காத்துல பாயையும் சேர்த்து விரிச்சா அரைமணிக்குள்ள டெம்பரேச்சர் அலாரம் அடிக்குது. கடல்தண்ணியை வடிகட்டற ஸ்ட்ரெய்னர் சுத்தமாத்தான் இருக்கு. அடுத்தது பெருங்கடல் தாண்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

பழைய_டீசல்:
இம்பெல்லர், அதாவது குளிர்விக்கிற கடல்தண்ணி பம்புக்குள்ள சுத்தற ரப்பர் சக்கரம். வேற எதுவும் இல்ல. மாத்துங்க.

நங்கூரம்72:
அண்ணே, இம்பெல்லர்னா பாய் இல்லாதப்பவும் சூடாகணுமே? நண்பரே, படகு எத்தனை அடி, எஞ்சின் எத்தனை எச்பி, எந்தப் பக்கம் சாயும்போது அலாரம் வருது, எத்தனை டிகிரி சாயுது? ஒண்ணுமே சொல்லலையே.

பழைய_டீசல்:
தம்பி, இறக்கை உடைஞ்ச இம்பெல்லர் லேசான சுமைக்குப் போதுமான தண்ணி தரும். எதிர்க்காத்துல மனுஷன் த்ராட்டிலைக் கூட்டியிருப்பார். சுமை ஏறினாத்தான் குட்டு வெளிப்படும்.

கடலறிவன்:
இதே விஷயத்தை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. உயரமான வீல்ஹவுஸ் (சுக்கான் அறை), அடியில் நடுவாக ஓடும் ஆழம் குறைந்த நீண்ட கீல், குறைவான பாலாஸ்ட் (அடி எடை): இப்படி ஒரு படகு எதிர்க்காற்றில் நன்றாக ஏறாது என்பது பாலபாடம். ஏறவில்லை என்று எஞ்சினைப் போடுகிறீர்கள். வேகம் கூடினால் படகு உணரும் காற்று இன்னும் முன்னால் திரும்பும், வலுவும் கூடும். உடனே பாயை இறுக்குவீர்கள், படகு சாயும். நல்ல பாய்ப்படகாக வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வாடைக்காற்று:
கேட்டது சூடு பத்தி, கிடைச்சது பிரசங்கம்.

சுற்றிலும் கண்ணாடி வச்ச வீல்ஹவுஸ்ல நனையாம ராத்திரிக் காவல் இருக்கறதோட அருமை, மழையில நின்னு சுக்கான் பிடிச்சவனுக்குத்தான் தெரியும். ஃபிஷர் 30, நாட்டிகேட் 33 எல்லாம் அதுக்காகவே பிறந்த படகுங்க. எதிர்க்காத்துல சில டிகிரி போனாப் போகட்டும், பெருங்கடல்ல யாரும் வேணும்னே எதிர்க்காத்து வழியா திட்டம் போடறதில்ல.

கொம்பன்சுறா:
மூணு இறக்கை வச்ச, மடங்காத நிலையான ப்ரொப்பெல்லரா? அப்போ அதுதான் வில்லன். எஞ்சினுக்கு ஏத்த பெரிய ப்ரொப்பெல்லர் பாய்ல போகும்போது படகைப் பின்னால இழுக்கும், பாய்க்கு ஏத்த மடக்கு ப்ரொப்பெல்லர் ரிவர்ஸ்ல காலை வாரும். இறக்கையைத் தண்ணி ஓட்டத்துக்கு நேரா திருப்பிக்கிற ஃபெதரிங் ப்ரொப்பெல்லர் போடுங்க. அதுவரைக்கும் பாய்ல போறப்ப கியர்ல போட்டு, ப்ரொப்பெல்லர் சுத்தாம ஷாஃப்ட்டைப் பூட்டிடுங்க.

வாடைக்காற்று:
பூட்டினா இழுவை அதிகம். தொட்டியில வச்சு அளந்த சோதனைகள்லயே, சுத்த விட்ட நிலையான ப்ரொப்பெல்லர் பூட்டினதைவிடக் குறைவா இழுக்குதுன்னு வந்திருக்கு.

கொம்பன்சுறா:
சுத்த விட்டா கியர்பாக்ஸ் பேரிங் போகும். எஞ்சின் நின்னுட்டா சில கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஓட்டமே இருக்காது. அரை நாட் (மணிக்கு அரை கடல் மைல்) வேகத்துக்காக கியர்பாக்ஸைப் பலி கொடுக்கவா?

நங்கூரம்72:
அது கியர்பாக்ஸுக்குக் கியர்பாக்ஸ் மாறும், மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் தீர்ப்பு. தனி இழை போடுங்க சாமிகளா. புதுப்பாய், இருக்கீங்களா?

புதுப்பாய்:
மன்னிக்கணும், சிக்னல் இல்ல. நீர்க்கோட்டு நீளம் 36 அடி, 16 டன், 90 எச்பி, டீசல் டேங்க் 1,000 லிட்டர். அலாரம் ஸ்டார்போர்டு (வலது) பக்கம் காத்து வரும்போது மட்டும்தான். போர்ட் (இடது) பக்கக் காத்துல வரல. இது முக்கியமா?

நங்கூரம்72:
இதுதான் முக்கியம்! ஸ்டார்போர்டு காத்துன்னா படகு போர்ட் பக்கம் சாயும், ஸ்டார்போர்டு வயிறு தூக்கும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கற துளை, அதான் இன்டேக், உங்களுக்கு ஸ்டார்போர்டுல, கீலை விட்டுத் தள்ளி இருக்கா? இருந்தா ஒவ்வொரு அலைக்கும் அது மேல வந்து காத்தை உறிஞ்சும். ஓடும்போது ஸ்ட்ரெய்னர் கண்ணாடியில குமிழி வருதான்னு பாருங்க. எக்ஸாஸ்ட்டுல தண்ணி விட்டு விட்டுத் துப்பினாலும் அதுதான்.

தூய பாய்ப்படகுன்னா சாயறதை மனசுல வச்சு இன்டேக்கை நடுக்கோட்டை ஒட்டி ஆழமா வைப்பாங்க. இங்க அகலமான வயிறு, நடுவுல பெரிய எஞ்சின், கீழே டேங்க். கை எட்டற இடமாப் பார்த்து ஓரத்துல துளை போட்டுடறாங்க. மோட்டார் படகா நினைச்சா அது சரியான இடம்தான்.

இப்போதைக்கு ரீஃப் போட்டு, அதாவது பாயைச் சுருக்கி, சாய்வைக் குறைங்க. ரெண்டு பாய்மரம் உள்ள கெட்ச்சா இருந்தா பெரிய மெயின் பாயை இறக்கிட்டு முன்னால ஜிப்பும் பின்னால மிஸனும் மட்டும் வைங்க. கரையேத்தும்போது இன்டேக்கை நடுக்கோட்டுக்கு மாத்துங்க. இன்டேக் மேல முன்பக்கம் பார்த்து வாய் திறந்த ஸ்கூப் மூடி மட்டும் போட்டுடாதீங்க. எஞ்சின் நின்ன நேரத்துல படகு வேகமாப் போனா தண்ணி அழுத்தத்துல இம்பெல்லரைத் தாண்டி எக்ஸாஸ்ட் மஃப்ளரை நிரப்பும், அங்கிருந்து சிலிண்டருக்குள்ளயும் போகலாம்.

எஞ்சின் எத்தனை டிகிரி சாய்வு வரைக்கும் ஓடலாம்னு மேனுவல்ல இருக்கும். அதையும் பாருங்க, ரொம்ப சாஞ்சா எஞ்சினுக்கு அடியில இருக்கற சம்ப்ல எண்ணெய் ஒதுங்கி ஆயில் பிரஷரும் விழும்.

கடலறிவன்:
90 எச்பி எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே. 36 அடி நீர்க்கோட்டுக்கு ஹல் ஸ்பீடு, அதாவது படகின் உடல் எளிதில் தாண்ட முடியாத வேகம், 1.34 பெருக்கல் 6 (36-ன் வர்க்கமூலம்), சுமார் 8 நாட். பாயையும் எஞ்சினையும் சேர்த்தால் 8 நாட் 12 ஆகிவிடாது. 6 நாட்டில் மணிக்குச் சுமார் 5 லிட்டர் போதும், 8 நாட்டை எட்ட 20 லிட்டர் வரை கேட்கும். 1,000 லிட்டர் முதல் கணக்கில் 1,200 கடல் மைல், இரண்டாவதில் வெறும் 400. கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,700. டேங்க் பெரிது என்ற தைரியத்தில் பாயைச் சிறிதாக்கியவர்கள் நடுக்கடலில் காற்றுக்குக் காத்துக் கிடப்பார்கள்.

பழைய_டீசல்:
கணக்கு சரிதான் சார். ஆனா 90 எச்பியை 20 எச்பியிலேயே நாள்கணக்கா ஓட்டினா சிலிண்டர் சுவர் பளபளத்துப் போயி எண்ணெய் குடிக்கும். அப்பப்போ கொஞ்ச நேரம் முழுச் சுமையில ஓட்டணும். அதனாலதான் சொல்றேன், சின்ன எஞ்சின், பெரிய பாய்.

வாடைக்காற்று:
சின்ன எஞ்சினை வச்சு, புயல் காத்துல கரைப்பக்கம் தள்ளப்படும்போது என்ன செய்வீங்க?

புதுப்பாய்:
இன்டேக் ஸ்டார்போர்டு ஓரத்துலதான். குமிழி நல்லாவே வந்துச்சு. ரீஃப் போட்டேன், 15 டிகிரிக்குள்ள நிக்குது, சூடு ஏறல. எல்லாருக்கும் நன்றி, கிளம்பறேன்.

பழைய_டீசல்:
கிளம்பறதுக்கு முன்னாடி இம்பெல்லரைக் கழட்டிப் பாருங்க. அத்தனை தடவை காத்தை உறிஞ்சி வறண்டு சுத்தியிருக்கு. ஒரு இறக்கை குறைஞ்சாலும் அந்தத் துண்டு எஞ்சின் சூட்டைக் கடல்தண்ணிக்கு மாத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலதான் மாட்டியிருக்கும், எடுக்காம போகாதீங்க.

நங்கூரம்72:
அண்ணே சொல்றது சரி. புதுப்பாய், பாத்தீங்களா?

கொம்பன்சுறா:
ப்ரொப்பெல்லர் எத்தனை இறக்கைன்னும் இன்னும் சொல்லல.