திராட்சத்தோட்டத்து உவமை: கிருபையா, கூலியா?

பெரட்டுக்களம்:
போன ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டக் கோயிலில் மத்தேயு 20ஆம் அதிகாரம் வாசித்தார்கள். இயேசு சொன்ன உவமை. வீட்டெஜமான் ஒருவர் தன் திராட்சத்தோட்டத்துக்கு, நாளுக்கு ஒரு பணம் பேசி ஆள் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். விடியலிலிருந்து உழைத்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். ‘இது பரலோகத்தைப் பற்றியது, சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்’ என்றது பிரசங்கம். இறையியல் படிக்கிற எனக்கு அது ஒப்பவில்லை. பக்கத்தில் அம்மா. முந்தின நாள் கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர் வாங்கியவர் (‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கணக்கு; அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம்). “கடைசியா வந்தவனுக்கும் முழுப்பேரா?” என்று என் காதில் கேட்டார். இதற்குப் பதில் சொல்லாத இறையியல் எதற்கு?

ஞாயிறு வகுப்பு அக்கா:
தம்பி, அம்மா கேட்டது எனக்கும் வலிக்கிறது. ஆனால் உவமையை அதன் இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். முந்தின அதிகாரத்தில் பேதுரு, ‘எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்கிறார். அதை ஒட்டி வருகிற கதை இது. கூலிச் சட்டமாக வாசித்தால் பன்னிரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றவனுக்கு அநியாயம் நடந்ததாகிவிடும். எந்தத் தொழிற்சங்கம் அதில் கையெழுத்துப் போடும்?

மலையருவி:
எனக்கு இடறுவது வேறு இடம். ‘என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?’ என்கிறார் எஜமான். இதைத் தோட்டத்து மேனேஜரான தொரையின் பங்களா வாசலில் நின்று வாசித்துப் பாருங்கள். 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த மலையகத் தமிழ்ச் சனம் நாங்கள். யாராவது மனசு வைத்தால்தான் உண்டு என்று தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறோம். கடவுளையும் அந்த வாசலில் உட்கார வைக்காதீர்கள். தயவு உரிமைக்கு ஈடாகாது.

பெரட்டுக்களம்:
மலையருவி, அந்த வரி எனக்கும் நெருடல்தான். மறைக்க மாட்டேன். ஆனால் கதையாக வாசித்தால் இன்னொரு வரி எழுந்து நிற்கிறது. ‘ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, ‘எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை’ என்கிறார்கள். சோம்பேறிகள் இல்லை, பேர் கிடைக்காதவர்கள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அதைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அக்கா, இதைக் கூலியாக வாசித்த முதல் ஆள் நானில்லை. ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் 1860இல் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதி, தலைப்பை இந்த உவமையிலிருந்தே எடுத்தார். 1904இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் போகும்போது அதைப் படித்த காந்தி, வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதே வருஷம் எல்லாரும் சேர்ந்து உழைக்கிற ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். ஒரு கிறிஸ்தவக் கதை, கிறிஸ்தவரல்லாத ஒருவரின் வாழ்க்கையையே திருப்பியிருக்கிறது. விசுவாசம், அறம், இலக்கியம் என்று மூன்று அறையாகப் பிரித்துப் பூட்டினால் இது எப்படி நடந்திருக்கும்?

ஞாயிறு வகுப்பு அக்கா:
பேர் கிடைக்காதவர்கள் என்றது சரி, அதை நான் கவனித்ததில்லை. ஆனாலும் கிருபைதான் முதலில், தம்பி. அதிலிருந்துதான் கூலி நியாயம் பிறக்கும். தலைகீழாக்கினால் கடைசியில் வெறும் கணக்குத்தான் மிஞ்சும். அம்மாவிடம் திரும்ப வாசித்தீர்களா?

பெரட்டுக்களம்:
நேற்று ராத்திரி வாசித்தேன். ஐந்து மணிக்காரர்கள் வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அவங்க வீட்டில எத்தனை புள்ளைகளோ,” என்றார்.