ஃபில்டர் கழுவிய பிறகு தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது – அவசர உதவி தேவை

மீன்பித்தன்:
அவசரம். மீன் தொட்டியின் ஃபில்டரைக் கழுவியதிலிருந்து தண்ணீர் கலங்கிக்கொண்டே போகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இன்று காலை ஒன்று செத்துவிட்டது. என்ன மருந்து ஊற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தொட்டிவாசி:
என்ன மீன், எத்தனை, எத்தனை அடித் தொட்டி, எந்த வகை ஃபில்டர்? இது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

கெண்டைக்குஞ்சு:
எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா? தொண்ணூறு சதவீதம் குளோரின்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி:
படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றுங்கள் தம்பி. அரை மணியில் தெளிந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அதுதான்.

நீர்ச்செடி:
அண்ணாச்சி, தயவுசெய்து வேண்டாம். படிகாரம் மண்ணைப் படியவைக்கும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சையும் இறக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், மீன் செத்துக்கொண்டிருக்கும்.

மூத்தமீனவன்:
இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தேடிப் பார்க்கும் வழக்கமே யாருக்கும் இல்லை. மீன் வாங்குமுன் நைட்ரஜன் சுழற்சி என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

தொட்டிவாசி:
படித்துவிட்டு வருவதற்குள் மீதி மீனும் போய்விடும் ஐயா. தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மீன்பித்தன்:
2 அடித் தொட்டி, கோல்டுஃபிஷ் 5 (இப்போது 4), டாப் ஃபில்டர் (தொட்டிக்கு மேலே வைப்பது), போர் தண்ணீர். கழுவியது நான் இல்லை. மீன் வாங்கிய கடையிலிருந்து ஆள் வந்தார். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சும் பீங்கான் ரிங்கும் கறுத்துவிட்டன என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். தொட்டிக் கண்ணாடியையும் கூழாங்கல்லையும் தேய்த்துக் கழுவினார். இப்போது ஃபில்டர் பளபளவென்றுதான் இருக்கிறது.

மூத்தமீனவன்:
பளபளவென்று இருப்பதுதான் நோயே. அந்தக் கறுப்பில்தான் உங்கள் பாக்டீரியா குடியிருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். இதுதான் நான் சொன்ன நைட்ரஜன் சுழற்சி. இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பவை அல்ல. பஞ்சிலும் ரிங்கிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. மூன்றையும் ஒரே நாளில் துடைத்தால் வேறென்ன நடக்கும்? தண்ணீரில் வெள்ளையாகத் தெரிவது வேறு இனம். அழுகலைத் தின்று பெருகி ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது.

கெண்டைக்குஞ்சு:
போர் தண்ணீர் என்றால் குளோரின் இல்லை, சரி. ஆனால் பிஎச் 8 பக்கம் இருக்கலாம். பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. ஆக, தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னது தப்பில்லை.

நீர்ச்செடி:
மருந்து எதுவும் வேண்டாம். பல மருந்துகள் மீதி பாக்டீரியாவையும் கொல்லும். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், கோல்டுஃபிஷ் பட்டினியில் சாகாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஏர் பம்ப் இருந்தால் நிறுத்தாமல் ஓடட்டும். லிட்டருக்கு 1 கிராம் வீதம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள். நைட்ரைட்டும் விஷம்தான், அது செவுள் வழியாக மீனுக்குள் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். பழைய ரிங் இன்னும் ஈரமாக இருந்தால் உடனே திரும்பப் போடுங்கள்.

மீன்பித்தன்:
மாடியில் பக்கெட்டில் கிடந்தது. காய்ந்துவிட்டது.

தொட்டிவாசி:
காய்ந்தது உதவாது. நண்பர் யாராவது நோயில்லாத தொட்டி வைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, ஈரம் போகாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைவிட இது நிச்சயம்.

கெண்டைக்குஞ்சு:
புட்டி பாக்டீரியாவை ஏன் இழுக்கிறீர்கள்? நான் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கி ஊற்றி நன்றாகத்தான் வேலை செய்தது.

தொட்டிவாசி:
வெயிலில் அடுக்கி வைத்த புட்டியில் உயிரோடு என்ன இருக்கும்? நீங்கள் ஊற்றாமல் இருந்திருந்தாலும் தொட்டி தானாகவே தேறியிருக்கும்.

கெண்டைக்குஞ்சு:
அம்மோனியா கிட் வைத்து அளந்தேன். நீங்கள் அளந்தீர்களா?

மூத்தமீனவன்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். மீன்பித்தன், இனிமேல் அந்த ஆளைத் தொட விடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, பஞ்சை அதிலேயே இரண்டு மூன்று முறை பிழியுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் சேறு இறங்கும். அவ்வளவு போதும், பஞ்சு வெளுக்க வேண்டியதில்லை. ரிங்கைக் கலக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் கழுவாதீர்கள்: பஞ்சு ஒரு மாதம், ரிங் அடுத்த மாதம். தண்ணீர் மெதுவாக விழுந்தால் முதலில் மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் காந்தத்தில் வழுவழுவென்று ஒட்டியிருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். அதைக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம்.

அண்ணாச்சி:
2 அடித் தொட்டியில் 12 அங்குல உயரம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 55 லிட்டர்தான். அதில் 5 கோல்டுஃபிஷ் அதிகம் இல்லையா?

மூத்தமீனவன்:
முதல் முறையாக அண்ணாச்சி சரியாகச் சொல்கிறார்.

மீன்பித்தன்:
பக்கத்துத் தெரு நண்பரிடம் பஞ்சு வாங்கிப் போட்டேன். இன்னொன்றும் செத்துவிட்டது. மற்ற மூன்றும் மேலே வந்து வாயைத் திறப்பதை விட்டுக் கீழே இறங்கி நீந்துகின்றன. நன்றி.

கெண்டைக்குஞ்சு:
பிஎச் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?