வங்காள வீட்டுச் சாப்பாட்டில் கீரை: உங்கள் அனுபவம் என்ன?

கொல்கத்தாவில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார மாஷிமா (நம்ம பெரியம்மா, சித்தி மாதிரிக் கூப்பிடுவது) இருந்தார். மத்தியானம் மீன் இருக்கிறதோ இல்லையோ, ஷாக், அதாவது கீரை, கட்டாயம் இருக்கும். அடிக்கடி வருவது புயி ஷாக், நம்ம கொடிப்பசலைதான். நாம் இலையை ஆய்ந்துகொண்டு முற்றின தண்டைத் தூக்கிப் போடுவோம், அவர் தண்டு பருமனாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். தரையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து விரல் நீளத்துக்கு நறுக்கி, பூசணி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கோடு சச்சடி செய்வார். கடுகெண்ணெய் புகையும்வரை காய்ந்ததும் காய்ந்த மிளகாய், பாஞ்ச் ஃபோரன்: சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு, ஐந்தாவதாகச் சில வீடுகளில் கடுகு, சில வீடுகளில் ராந்துனி (ஓமம் மாதிரி ஒரு விதை). தண்ணீரே ஊற்றுவதில்லை, கீரையும் பூசணியும் விடுகிற தண்ணீரிலேயே வெந்துவிடும். கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை (இதில் வங்காளிகளோடு வாதாடிப் பயனில்லை).

பருப்புக்கு முன்னாலேயே இது தட்டுக்கு வந்துவிடும். வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு, தண்டை முருங்கைக்காய் மாதிரி மென்று சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையை ஓரமாக ஒதுக்க வேண்டும். இலிஷ் மீன் தலையை வறுத்து உடைத்துப் போட்டதைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கென்னவோ மீன் இல்லாமல், பருப்பு அரைத்துக் காயவைத்த போரியைப் பொரித்து நொறுக்கித் தூவியதுதான் பிடிக்கும்.

*

அப்போ பதினாலு ஷாக்கை விட்டுவிட்டீர்களே! காளி பூஜைக்கு முதல் நாள் பூத சதுர்த்தசி. அன்று 14 வகைக் கீரை சேர்த்துச் சமைப்பார்கள், சாயங்காலம் 14 விளக்கு. கரியாஹாட் சந்தையில் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலந்தே கூறு கட்டி விற்கிறார்கள். அதில் ஷாஞ்சி நம் பொன்னாங்கண்ணி, பேத்தோ சக்கரவர்த்திக்கீரை, ஷுஷ்னி ஆரக்கீரை. வேப்பிலையும் உண்டு, அதனால் லேசான கசப்பு. நிஜமாகவே பதினாலு இருக்குமா என்று கூட வேலை பார்க்கிற தீதியிடம் கேட்டேன். "யார் எண்ணுறா, நீ சாப்பிடு" என்றார்.

*

எனக்கு லால் ஷாக், அந்தச் சிவப்புக் கீரைதான். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் போதும், சோறு முழுக்க ரோஸ் கலராகிவிடும், என் பையன் அதற்காகவே ரெண்டாவது தடவை கேட்பான். மதியம் மிச்சமானதை ராத்திரி கேட்டபோதுதான் தோழியின் அம்மா முறைத்தார், இருட்டிய பிறகு ஷாக் தொடக்கூடாதாம். சரி, மறுநாள் காலையில் போய்க் கேட்டால் அதற்குள் அவரே சாப்பிட்டு முடித்திருந்தார்!