வீழ்ந்த பூவை எனக்குக் காட்டியவர்

பாலக்காட்டில் பணிக்குச் சேர்ந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டின் மாடியில், ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர் இருந்தார். தெருவே அவரை ‘மாஷ்’ என்று அழைத்தது; நானும் அப்படியே அழைத்தேன். ஒரு மாலை அவர் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசானின் ‘வீணபூவு’ என்ற கவிதையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, வீணாய்ப் போன பூ என்று நான் பொருள் கொண்டேன். “வீண் அல்ல மோனே, வீண. உங்கள் தமிழில் வீழ்ந்த” என்று திருத்திவிட்டு, வசந்ததிலக யாப்பில் அமைந்த அந்த 41 சுலோகங்களையும் புத்தகமின்றி அவர் சொல்லி முடித்தார். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஆயினும், கிளையின் உச்சியில் அரசியைப் போல வீற்றிருந்த ஒரு பூ மண்ணில் கிடப்பதைக் கண்டு ஒருவர் துயருறுகிறார் என்பது மட்டும் அவருடைய குரலிலிருந்தே தெரிந்தது.

அந்தக் கவிதை 1907இல் ‘மிதவாதி’ இதழில் வெளிவந்தது. ஆசான் அதை எழுதிய ஜைனிமேடு நாங்கள் இருந்த அதே ஊரில்தான் இருக்கிறது என்று மாஷ் சொன்னதும், மறுநாளே அங்கிருக்கும் பழைய சமணக் கோயிலுக்குச் சென்று கருங்கல் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

மகாகாவியம் இயற்றியவரே மகாகவி என்று கருதப்பட்ட காலம் அது. உள்ளூர் பரமேஸ்வர ஐயர் ‘உமாகேரளம்’ எழுதினார். வள்ளத்தோள் நாராயண மேனோன் ‘சித்ரயோகம்’ எழுதினார். ஆசான் ஒன்றுகூட எழுதாமலேயே அப்பெயரைப் பெற்றார். மூவரையும் சேர்த்து நவீன கவித்ரயம் என்கிறார்கள். தமிழும் கற்றுத் தேர்ந்த உள்ளூர், ‘கேரள சாகித்ய சரித்திரம்’ என்னும் பெருநூலைத் தந்தார். செவிப்புலன் இழந்த வள்ளத்தோளோ அத்துயரையே ‘பதிரவிலாபம்’ என்ற கவிதையாக்கியதோடு, நலிந்து வந்த கதகளியைக் காக்க 1930இல் கலாமண்டலத்தையும் நிறுவினார். இருவரையும் நான் மதிக்கிறேன். என்றாலும் என்னை விடாமல் பற்றிக்கொண்டவர் ஆசான்தான்.

காரணம் ‘துரவஸ்தா’. 1922இல் வந்த அந்த நெடுங்கவிதையில், மலபாரில் மாப்பிளை முஸ்லிம்கள் நடத்திய 1921 கலகத்தில் வீட்டை இழந்த சாவித்திரி என்ற நம்பூதிரிப் பெண், புலையனான சாத்தனின் குடிசையில் அடைக்கலம் புகுந்து பின்னர் அவனையே மணக்கிறாள். கேரளத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த ஈழவ சாதியில் பிறந்து, சமூகச் சீர்திருத்தவாதியான நாராயண குருவிடம் பயின்று, அச்சாதியின் முன்னேற்றத்துக்கான எஸ்.என்.டி.பி. யோகம் என்ற அமைப்பின் செயலாளராக ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர் இதை எழுதியபோது, அது வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. “மாற்றுவின் சட்டங்களே ஸ்வயம், அல்லெங்கில் மாற்றும் அதுகளீ நிங்ஙளெத்தான்” என்ற வரிகளை மாஷ் சொன்னபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. சட்டங்களை நீங்களே மாற்றுங்கள், இல்லையேல் அவை உங்களை மாற்றிவிடும் என்பதைத் தமிழ்க் காதே கேட்டுக்கொண்டது. புலம்பலில் தொடங்கிய கவி இந்தக் குரலை வந்தடைய 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் கீழே கிடப்பதைக் குனிந்து பார்க்கும் கண் இரண்டிலும் ஒன்றுதான் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு மாஷும் நானும் ஆலப்புழை மாவட்டத்திலுள்ள பல்லனைக்குச் சென்றோம். 1924 ஜனவரி 16 அன்று, ஆலப்புழையிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்ட ‘ரிடீமர்’ என்ற படகு அங்கே கவிழ்ந்ததில் ஆசான் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 50. நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, மாஷ் நீரோரம் சென்று செருப்பைக் கழற்றி வைத்து நின்றார். ‘வீணபூவு’ முடியும் சொற்களை மட்டும் மெல்லச் சொன்னார்: “அவனிவாழ்வு கினாவு, கஷ்டம்.” நான் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கினாவு என்பதை நான் கனவு என்று உச்சரித்துவிட்டேன். இம்முறை அவர் திருத்தவில்லை.