ஏர் பிஸ்டலுக்கு எந்தக் கண்ணாடி? ஃபோர்சைட் தெளிந்தால் அட்டை மறைகிறது, அட்டை தெளிந்தால் ஃபோர்சைட் மறைகிறது

கேத்தி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 61. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்.சி.சி. மாணவிகளைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போய்ப் போய் எனக்கே அதில் பிடிப்பு வந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் என் தம்பியின் உருளைக்கிழங்கு குடோன் இருக்கிறது. கிழங்கு எடுத்து முடிந்த மாதங்களில் காலியாகத்தான் கிடக்கும். அதில் டேப் பிடித்துப் பத்து மீட்டர் அளந்து, பின்னால் இரும்புத் தகடும் அதற்கு முன்னால் பழைய சாக்குகளும் தொங்கவிட்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண் பிள்ளைகள் நான்கு பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுபது சுடலுக்கு, மொத்தம் 600க்கு, 548 எடுத்தேன். இப்போது 515 எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது. முதலில் கை தளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை நீட்டிய கையில் பிடித்து நிற்பது, வெற்றுச் சுவரைப் பார்த்துக் குறிவைப்பது என்று மூன்று மாதம் பாடுபட்டேன். பிறகு ஒரு நாள் தம்பி மகளைப் பக்கத்தில் நிறுத்தி, "குழல் ஆடுகிறதா, பார்த்துச் சொல்" என்றேன். "அத்தை, ஆடவே இல்லை" என்றாள். அப்போதுதான் கோளாறு கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று புரிந்தது.

பிஸ்டலில் கண்ணுக்குக் கிட்ட உள்ள குறி பேக்சைட், குழல் நுனியில் நிற்கும் குறி ஃபோர்சைட். பேக்சைட் பள்ளத்துக்குள் ஃபோர்சைட் நிற்கும்போது அதன் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கீற்று இருக்கும். இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், மேல்விளிம்பு ஒரே கோடாக இருக்க வேண்டும். அதுதானே எல்லாம்? இப்போது அந்தக் கீற்றின் ஓரம் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிகிறது. எது இரும்பு, எது வெளிச்சம் என்றே பிரித்தறிய முடியவில்லை. மாலையில் பனிமூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்துவிட்டால் இன்னும் மோசம்.

என் கண்ணாடிச் சீட்டு: வலது கண், தூரத்துக்கு +0.75, சிலிண்டர் −0.50, அச்சு 90, படிக்கக் கூடுதல் +2.25. தூரக் கண்ணாடியில் இலக்கு அட்டை பளிச்சென்று தெரிகிறது, ஃபோர்சைட் கரைந்துவிடுகிறது. படிக்கும் கண்ணாடியில் இரண்டும் போய்விடுகின்றன. ஒரு கடையில் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்காமலே, விலை கூடிய புரோகிரசிவ் கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டால் மோவாயை மேலே தூக்கி, கீழே இறக்கித் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தலை வேறு வேறு இடத்தில் நிற்கிறது.

"ஃபோர்சைட்டைப் பார், அட்டையைப் பார்க்காதே" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! இன்று அதே ஃபோர்சைட் எனக்குத் தெரியவில்லை என்பது மனதை அறுக்கிறது. பிஸ்டலை எடுத்துவைத்துவிட எனக்கு விருப்பமில்லை. எதைத் தெளிவாக்க வேண்டும்? வெளிநாட்டு ஷூட்டிங் ஃபிரேம் கட்டாயம் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வெலிங்டன் சுபேதார்

டீச்சர் அம்மா, வணக்கம். பட்டாளத்தில் ரைஃபிள், ஓய்வுக்குப் பிறகு பிஸ்டல். எனக்கு 66.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்னதுதான் உங்களுக்கும் விடை. ஃபோர்சைட்தான் தெளிய வேண்டும். ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஏர் பிஸ்டலில் பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். பள்ளத்துக்குள் ஃபோர்சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் பத்து மீட்டரில் அது 28 மில்லிமீட்டராகிவிடும். அட்டையில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர்தான். ஆக மூன்றரை வளையம் போச்சு. ஆனால் குறியை நேராக வைத்துக்கொண்டு கை மட்டும் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றால் இழப்பு அந்த ஒரு சென்டிமீட்டரே. அட்டை மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், ஃபோர்சைட் மங்கினால் பொறுக்க முடியாது.

அட்டை நடுவிலுள்ள கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர் அகலம். அது கலங்கலான உருண்டையாகத் தெரிந்தாலே போதும். அதன் அடிக்கும் ஃபோர்சைட்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை விட்டு, தினமும் அதே அளவு வெள்ளை விட்டுச் சுடுங்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 51. மூக்கில் இருந்தது சாதாரணக் கண்ணாடி. அதற்கும் முன்னால், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கு வயது 72.

---

கோவை ரைஃபிள்காரன்

டீச்சர், செலவில்லாத வழி ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் +1.00 படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிப் பாருங்கள். நான் ரைஃபிளுக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன். அதோடு கண்ணாடியில் மாட்டுகிற ஐரிஸ் ஒன்று இருந்தால் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க எல்லாமே தெளிந்துவிடும்.

---

குன்னூர் கண்ணளப்பவள்

டீச்சர், நான் மருத்துவர் இல்லை. பார்வை அளந்து கண்ணாடி எழுதுவது என் தொழில். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு இருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுகிறது. சின்ன வயதில் அட்டைக்கும் ஃபோர்சைட்டுக்கும் கண் தானே மாறி மாறிப் பொருந்திக்கொண்டது. இப்போது அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்த ஒரே இடம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்கப் போகிறோம்.

படிக்கும் கண்ணாடி ஏன் உதவவில்லை? +2.25 கூட்டினால் தெளிவு விழுவது 44 சென்டிமீட்டரில். அது புத்தகம் பிடிக்கும் தூரம். உங்கள் ஃபோர்சைட் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. புரோகிரசிவ் லென்ஸில் உங்களுக்கு வேண்டிய பவர் நடுவில் ஒரு குறுகிய பட்டையில் இருக்கும். மோவாய் அரை விரல் உயர்ந்தாலும் பவர் மாறிவிடும். தெருவுக்கும் சமையலுக்கும் அது நல்ல கண்ணாடி, குறிபார்க்க ஆகாது. உங்களுக்கு வேண்டியது ஒரே பவர் உள்ள லென்ஸ்.

எந்தப் பவர்? கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை மீட்டரில் அளந்து, ஒன்றை அதால் வகுத்தால் சரியாக ஃபோர்சைட்டில் தெளிவு விழும் பவர் கிடைக்கும். 85 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1.2. ஆனால் அதை முழுதாகக் கொடுத்தால் அட்டை மிகவும் கலங்கிவிடும். தெளிவு என்பது ஒரு புள்ளியோடு நிற்பதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் பரவும். அதனால் பாதியைக் கொடுக்கிறோம். தூரப் பவருக்கு மேல் +0.50 வைத்தால் தெளிவின் நடு 2 மீட்டரில், +0.75 வைத்தால் 1.33 மீட்டரில். பரவலின் கிட்ட ஓரம் ஃபோர்சைட்டைத் தொடும், தூர ஓரம் அட்டையை எட்டும். இரண்டில் எது என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். உங்கள் தூரப் பவர் +0.75 என்பதால், கடைசியில் +1.25 அல்லது +1.50 வரும்.

பிஸ்டலைக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டிலேயே நீங்கள் சுடும் நிலையில் நில்லுங்கள், கண்ணின் ஓரத்திலிருந்து ஃபோர்சைட் வரை வேறு ஒருவர் டேப் பிடிக்கட்டும். அதே நீளத்துக்கு ஒரு குச்சி, நுனியில் ஃபோர்சைட் அகலத்துக்குக் கறுப்பு அட்டைத் துண்டு. அதைக் கடையில் நீட்டிப் பிடித்து, ட்ரையல் ஃபிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்திலும் ஒரு முறை பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும், தெளிவின் பரவல் சுருங்கும். மூட்டம் ஏறினால் உங்களுக்கு மோசமாவது அதனால்தான். அட்டைக்கு நேராக நல்ல விளக்கு ஒன்று போட்டால் பாதிச் சிக்கல் குறையும்.

கோவை அண்ணா சொன்ன +1.00 கண்ணாடி சோதித்துப் பார்க்கச் சரி. ஆனால் டீச்சருக்குச் சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய தனிப் பவர், இருக்கிறது; கடைக் கண்ணாடியில் அது இருக்காது. ஐரிஸும் நல்ல பொருள்தான், ஆனால் அது வெளிச்சத்தைத் தின்னும். கிழங்கு குடோனுக்குள் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஃபிரேம் பற்றி: நோப்லோக் போன்ற ஷூட்டிங் ஃபிரேமின் வசதி, லென்ஸைப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்த முடிவதுதான். பிஸ்டல்காரர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பதால் சாதாரணக் கண்ணாடியில் பார்வை மூக்குப் பக்க ஓரமாகப் போகும். சாதாரண ஃபிரேம்தான் என்றால், நீங்கள் சுடும் நிலையில் நின்று, கண்மணி எங்கே வருகிறதோ அங்கே டம்மி லென்ஸில் மார்க்கரால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸின் மையம் அங்கே வர வேண்டும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். தகட்டில் பட்ட பெல்லட் துணுக்கு திரும்பி வரலாம், பிள்ளைகளையும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்க அனுமதிக்காதீர்கள்.

இடது கண்ணை இறுக்கி மூடாதீர்கள், கறுப்புத் துணியும் வேண்டாம். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றதன் கண்மணியும் விரியும். பால் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை முன்னால் மாட்டினால் போதும். போட்டி விதிப்படி அதன் அகலம் 30 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. பவர் லென்ஸை நீங்கள் அணியலாம், பிஸ்டலில் பொருத்தக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 61 வயதில் கண்புரை தொடங்கியிருந்தால் எந்தப் பவர் போட்டாலும் ஓரம் தெளியாது.

---

கோத்தகிரி தேயிலைத் தம்பி

அக்கா, நான் சுடுபவன் இல்லை, ஆனால் பனியில் கண்ணாடி போட்டு வேலை செய்பவன். குளிர்ந்த கண்ணாடியை முகத்தில் வைத்ததும் ஆவி படியும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மஃப்ளரை மூக்கு வரை இழுத்துக் கட்டாதீர்கள், மூச்சு நேராக லென்ஸுக்கு ஏறும்.

---

கேத்தி டீச்சர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் குன்னூர்ப் பெண்ணுக்கு.

மருத்துவரிடம் போனேன். வலது கண் சுத்தம், இடது கண்ணில் மட்டும் புரை ஆரம்ப நிலை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் தம்பி மகள் அளந்தாள். 84 சென்டிமீட்டர். பழைய குடைக் கம்பி ஒன்றை அந்த நீளத்துக்கு வெட்டி, நுனியில் காலண்டர் அட்டையைக் கறுப்பு மை பூசி ஒட்டினேன். இந்த முறை வேறு கடை. அங்கிருந்த பையன் பொறுமைசாலி. ட்ரையல் ஃபிரேமை மாட்டிக்கொண்டு கம்பியை நீட்டி, எதிர் வரிசைப் பேக்கரிப் பலகையின் 'ப' எழுத்தில் குறிவைத்தேன். +0.50 கூட்டியபோது எழுத்து நன்றாகத் தெரிந்தது, கம்பி நுனியின் ஓரம் மட்டும் இலேசாக நனைந்த தாளைப்போல் இருந்தது. +0.75 வைத்ததும் ஓரம் பிளேடால் கீறியதுபோல் நின்றது. எழுத்து கலங்கியது, ஆனால் இருக்கும் இடம் தெரிந்தது. கடை விளக்கை அணைக்கச் சொல்லியும் பார்த்தேன். அப்போதும் +0.75 தான். ஆக +1.50, சிலிண்டர் −0.50, அச்சு 90. என்னிடமிருந்த பழைய உலோக ஃபிரேமிலேயே பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுக்கொண்டேன். புள்ளி வைத்தபோது என் பார்வை லென்ஸின் நடுவிலிருந்து 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் போவது தெரிந்தது. இதை அந்த முதல் கடையில் யாருமே கேட்கவில்லை.

முதல் நாள் குடோனில் அந்த இரண்டு வெளிச்சக் கீற்றையும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டுதான் சுட்டேன். இடமும் வலமும் ஒரே அகலம், நடுவில் கறுப்பு இரும்பு, அதற்கு மேலே மூட்டத்தில் நிலாப்போல் அட்டை. ஆனாலும் முதல் வாரம் பழக்கதோஷத்தில் கண் அட்டைக்கே ஓடியது. அதை அடக்கத்தான் நாள் பிடித்தது. நேற்று அறுபதுக்கு 533.

ஒரு எச்சரிக்கை: இதைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். குடோன் படி இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இப்போது சுடும் கோட்டில் மேசை போட்டு, கண்ணாடியை அங்கேயே வைத்துவிடுகிறேன். மூட்ட நாளில் மட்டும், கோத்தகிரித் தம்பி சொன்னபடி ஸ்வெட்டருக்குள்.

சுபேதார் ஐயா, அடியில் எவ்வளவு வெள்ளை விடுவது என்பதில் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரு வழக்கு ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை வந்து தீர்த்துவைக்க முடியுமா? வெலிங்டனிலிருந்து கேத்தி பக்கம்தானே.

---

வெலிங்டன் சுபேதார்

வருகிறேன் அம்மா. காலை பத்து மணிக்குள் தொடங்கிவிடலாம், மூட்டம் ஏறுவதற்கு முன். அந்தக் குடைக் கம்பியை எடுத்து வையுங்கள், எனக்கும் அளக்க வேண்டும்.